ஒரு கொத்து அரிசிக்கு ஒரு பற்றுச்சீட்டு

மட்டக்களப்பு நாட்டவர் தம் நிலத்தைக் கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிரித்துச் சொல்வதில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. கதிரவன் எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. பெயர் வைத்த முன்னோர் வானத்தைப் பார்த்து வைத்தனரேயன்றி மனிதர் வாழ்வைப் பார்த்து வைத்தாரல்லர். ஆயினும் காலப்போக்கில் அப்பெயர்கள் வாழ்வுக்கும் பொருந்திவிட்டன. பட்டினம், பெரிய பாடசாலைகள், வைத்தியசாலை, கச்சேரி, வங்கி எல்லாம் எழுவான் பக்கமாகவே அமைந்தன. நெல் விளைந்தது படுவான் பக்கத்தில். நெல் தோணியேறி இக்கரைக்கு வந்தது. கல்வி தோணியேறி அக்கரைக்குச் செல்லவில்லை.

வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வாவி கிடக்கிறது. வெளியூரிலிருந்து வரும் அன்பர்கள் நிலாக்காலத்து இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் அமர்ந்து, துடுப்பைக் காதோடு சேர்த்துவைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்க விரும்புவர். அக்கரையிற் பிறந்த எனக்கோ வாவி என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது மீனின் பாட்டன்று, பாதை. பாதை என்றால் நடந்து செல்லும் வழி என்று பிறவூரார் கொள்வர். மனிதரையும் மாட்டையும் துவிச்சக்கர வண்டியையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை செல்லும் தட்டையான மிதவையையே எங்கள் நாட்டார் ‘பாதை’ என்பர். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பகுதியினர் பட்டினப் பக்கம் செல்வதற்கு அதுவே குறுக்குவழி. பாதை தவறினால் பாடசாலை தவறும். மாரிகாலத்துக் காற்றில் இரண்டுமே தவறும்.

என் தந்தையார் மாரியில் வயலிலும் கோடையில் வாவியிலும் உழைத்தவர். 1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்ததை இக்கட்டுரையில் விரிக்க நான் விரும்பவில்லை. அது விசாரணைக் குழுக்களின் ஏடுகளில் இருக்கிறது. அவ்வாண்டில் தந்தையை இழந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் பலர். அவருள் நானும் ஒருவன். அப்போது எனக்கு வயது பத்து.

தாயார் பிறர் வயலில் களை பிடுங்கியும், இரவில் பன்பாய் இழைத்தும் எங்களைக் காத்தார். ஊரிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லடியில் இராமகிருஷ்ண மிஷனார் நடத்தும் மாணவர் இல்லத்துக்கு என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். மறுமொழி வந்த அன்றிரவு நான் அழுதேன். தாயார் அழவில்லை. “இங்க இருந்தா வரம்புதான் கட்டுவாய் மனே. அங்க போய்ப் படி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயிழைக்க அமர்ந்தார். அடுத்த ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை வேளை, தோணியில் வாவியைக் கடந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஆரையம்பதி, காத்தான்குடி வழியாகக் கல்லடியை அடைந்தோம்.

இல்லத்து அலுவலறையில் முதியவர் ஒருவர் பெரிய பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். பெயர், பிறந்த தேதி முதலியவற்றை எழுதிக்கொண்ட பின் என்னைப் பார்த்து, “உனக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்டார். என்ன இல்லை, என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்றே எதிர்பார்த்துச் சென்ற எனக்கு அக்கேள்வி வியப்பளித்தது. வீச்சுவலை எறியத் தெரியும், பாய் இழைக்கத் தெரியும், கத்தரிக்குப் பாத்தி கட்டத் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அவற்றையும் எழுதிக்கொண்டார். அன்று மாலையே தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி கிடைத்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்ததை. புறப்படும் நேரத்தில் என் தாயார் தாம் கொண்டுவந்த பையை அவிழ்த்து, ஒரு கொத்து அரிசியை மேசையின்மேல் வைத்தார். வெறுங்கையோடு கோயிலுக்கும் பிறர் வீட்டுக்கும் போகலாகாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். நூற்றுக்கணக்கானோர்க்கு உலை வைக்கும் இடத்தில் ஒரு கொத்து அரிசி எம்மாத்திரம்? பெரியவர் சிரிக்கவுமில்லை, “உங்களுக்கே கஷ்டம், இது வேண்டாம் அம்மா” என்று இரக்கம் காட்டவுமில்லை. உதவியாளரை அழைத்து அரிசியை அளந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேசை அறையிலிருந்து பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, காபன் தாளைச் சரியாக வைத்து, என் தாயாரின் பெயரைக் கேட்டு எழுதி, கிழித்து நீட்டினார். தாயாருக்கு வாசிக்கத் தெரியாது. வெளியே வந்ததும் என்னிடம் தந்தார். ‘அரிசி, ஒரு கொத்து, நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்’ என்று வாசித்துக் காட்டினேன். அவர் அதை நான்காக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். எண்ணிப் பார்க்கிறேன்: வந்தபோது அவர் நடந்த நடை வேறு, அப்போது நடந்த நடை வேறு.

அதன்பின் வழி திறந்திருந்த மாதங்களிலெல்லாம் அவர் வந்தார். ஒருமுறை முருங்கைக்காய், ஒருமுறை தாமே இழைத்த பாய், பெரும்பாலும் அரிசி. ஒவ்வொரு முறையும் சீட்டு எழுதப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் அவர் சேர்த்து வைத்திருந்தார். 2011ஆம் ஆண்டுத் தை மாதப் பெருவெள்ளத்தில் அப்பெட்டி போயிற்று. வீட்டுக்கூரை போனதைக் காட்டிலும் அதற்காகவே அவர் நெடுநாள் வருந்தினார்.

இல்லத்துக்குப் பக்கத்திலேயே சிவானந்த வித்தியாலயம். அதன் வளவில் விபுலாநந்த அடிகளாரின் சமாதி. மாணவராகிய எங்களுக்கு அது நிழலில் அமர்ந்து பாடம் படிக்கும் இடமாகவே இருந்தது. அடிகளாரைப் பற்றி நாங்கள் மனனம் செய்ததெல்லாம் யாழ்நூலின் ஆசிரியர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் பெருமைகளையே. அவர் நடத்திய இல்லம் ஏன் பாடசாலையின் அருகே அமைந்தது என்னும் கேள்வி, நான் ஆசிரியனான பின்னரே எனக்குள் எழுந்தது.

1892ஆம் ஆண்டில் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த அவரும் ஊரில் தொடங்கிய படிப்பைத் தொடர ஊர்விட்டு வந்தவரே. கல்முனையிலும், பின் மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். அக்காலத்தில் அத்தகைய பட்டமும் பதவியும் பெற்ற ஒருவர் அடையக்கூடிய வாழ்வு எத்தகையது என்பதை வாசகர் அறிவர். அவர் அதனை விட்டு 1922ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, மறு ஆண்டில் இலங்கைக்குத் திரும்பினார். தம் குருவின் பெயராலேயே 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

மயிலாப்பூரில் அப்போது ஒரு மாணவர் இல்லம் இருந்தது. சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால், 1905ஆம் ஆண்டில் ஒரு சில ஆதரவற்ற பிள்ளைகளோடு தொடங்கப்பெற்றது அது. ஏழைப் பிள்ளைக்குப் பாடசாலைக் கட்டணம் மட்டும் தடையன்று. உண்ணவும் உறங்கவும் இரவில் விளக்கெரித்துப் படிக்கவும் ஓரிடம் வேண்டும் என்னும் தெளிவில் எழுந்தது அவ்வில்லம். அதனை அருகிருந்து கண்ட அடிகளார் மட்டக்களப்பின் நிலவியல்பையும் அறிந்தவர். இங்கே விளக்கு மட்டும் போதாது. அவ்விளக்கு வாவிக்கு இப்பால் எரிய வேண்டும்.

கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாவெழாது. அஃது இல்லையேல் இன்று நான் இல்லை. ஆயினும் பாடம் இலவசமானதால் பாதையும் இலவசமாகிவிடவில்லை, தொலைவும் குறைந்துவிடவில்லை. காலை எட்டு மணிக்கு வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளை அதிகாலையில் எழுந்து, ஒழுங்கையில் நடந்து, துறையில் காத்திருந்து, கரையேறிப் பஸ் பிடித்து வருமாயின், மூன்றாம் பாடவேளையில் அது மேசையில் தலைசாய்த்து உறங்கும். இன்றும் உறங்குகிறது. என் வகுப்பில் உறங்குபவர் யார் என்று பார்த்தே அவரது ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது சிவானந்த வித்தியாலயமும் அரசினதாயிற்று. இல்லம் மிஷனிடமே இருந்தது. நான் படித்த காலத்தில் கரும்பலகை அரசாங்கத்தினுடையது, பாயும் சோறும் மிஷனாருடையவை.

அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த நாட்களில், மாலை வேளைகளில் பக்கத்திலுள்ள திருவேட்களத்துக்குச் சென்று, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்னார் என்பர். பேராசிரியர் படியிறங்கிப் போனார் என்று இதனைப் புகழ்ந்து பேசுவோர் உளர். எனக்கு அப்பேச்சு பிடிப்பதில்லை. போன இடத்தைத் தாழ்ந்த இடமாக அவர் நினைத்திருந்தால், அப்பிள்ளைகள் அவரிடம் கற்றிருக்கமாட்டார்கள். பிள்ளைகள் அதனை ஒரு நொடியில் கண்டுகொள்வர்.

இல்லத்து வாழ்வெல்லாம் இன்பமயம் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். பத்து வயதுப் பிள்ளை தாயைப் பிரிந்திருப்பது எளிதன்று. என்னோடு சேர்ந்த ஒருவன் மூன்றாம் நாளே சுவரேறிக் குதித்து ஊருக்கு ஓடிவிட்டான். பெற்றார் உயிரோடிருக்கும் பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து, அக்குடும்பத்துக்குக் கைகொடுப்பதே மேல் என்று இக்காலத்துச் சிறுவர் நலன் அறிந்தோர் கூறுகின்றனர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் எங்கும் இல்லங்கள் முளைத்ததைக் கண்ட எனக்கும் அக்கருத்து உடன்பாடே. ஆனால் 1992ஆம் ஆண்டில் என் தாயாருக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின், இல்லத்தில் வளர்ந்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்லடியில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்ததாகச் சொல்லிக்கொண்டேன். இல்லத்தார் என்னைக் கூசவைத்ததால் அன்று. ‘இல்லத்துப் பிள்ளை’ என்று பிறர் சொல்லும்போது அவர்கள் குரலில் கலந்துவரும் இரக்கத்துக்கு அஞ்சியே. திருமணமாகிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே மனைவியாரிடமும் உண்மையைச் சொன்னேன். இரக்கம் எவ்வளவு கனமான பொருள் என்பது இவ்வளவு தெரிந்தவனாகிய நான், பிறர்மேல் அதை எவ்வாறு ஏற்றினேன் என்பதை இனிச் சொல்லவேண்டும்.

2022ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது பயிற்சிக் கொப்பிகளின் விலை பன்மடங்காயிற்று. ஒரே கொப்பியில் நான்கு பாடங்களை எழுதும் பிள்ளைகளை வகுப்பில் கண்டேன். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சிலருக்கு எழுதினேன். அவர்கள் தாராளமாகப் பணம் அனுப்பினார்கள். நானே முன்னின்று விழா ஒன்றை ஒழுங்கு செய்தேன். மண்டபத்தில் மேடை, பின்னால் பதாகை, வறிய மாணவரின் பெயர்ப்பட்டியல், ஒவ்வொருவராக மேடையேறிக் கொப்பிக்கட்டைப் பெறும்போது கமெராவை நோக்கி ஒரு கணம் நிற்கவேண்டும். படங்களைப் பணம் அனுப்பியவர்களுக்குக் காட்டவேண்டும் அல்லவா? அவர்கள் அதனைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கேட்பார்கள் என்று நானே எண்ணிக்கொண்டேன்.

பட்டியலில் பதினோராந் தரத்து மாணவன் ஒருவனும் இருந்தான். படுவான்கரையிலிருந்து வருபவன். கணிதத்தில் வகுப்புக்கே முதல்வன். அவனுடைய தாயார் விழாவுக்கு வந்திருந்தார். எல்லாம் முடிந்து, விருந்தினரோடு நான் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் தயங்கித் தயங்கி வந்து, ஒரு பையை நீட்டினார். “வாவி இறால், சேர். இரவு பட்டது. உங்களுக்கும் மற்ற சேர்மாருக்கும்” என்றார். விருந்தினர் முன்னிலையில், பெருந்தன்மை காட்டும் எண்ணத்தோடே, “உங்களுக்கே கஷ்டம் அம்மா. இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். விற்றுப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்” என்றேன். விருந்தினர் தலையசைத்துப் பாராட்டினர். அவர் பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கொப்பிக்கட்டோடு மகன் பக்கத்தில் நின்றான்.

திங்கட்கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பின்னர்ப் பரீட்சை வேலைகளில் அவனை மறந்தேன். இரண்டு மாதங்கள் கழிந்தே தேடிப் புறப்பட்டேன். மண்முனைப் பாலத்தின்மேல் மோட்டார் சைக்கிளில் வாவியைக் கடக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. என் சிறுவயதில் அரைநாளை விழுங்கிய அதே நீர்.

அவன் வீட்டில் இல்லை. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். தாயார் முற்றத்தில் கதிரையை எடுத்துப்போட்டு, தேநீர் தந்து, தாம் திண்ணையில் அமர்ந்துகொண்டார். என்னைக் குறைசொல்லும் எண்ணம் அவரிடம் சிறிதும் இருக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொன்னார். கணவர் நோயுற்றபோது நுண்கடன் வாங்கியிருக்கிறார். ஒரு கடனை அடைக்க மற்றொன்று. அதை அடைக்க வேறொன்று. வாரந்தோறும் வசூலிப்போர் வந்து வாசலில் அமர்வார்கள். பணம் கைக்கு வரும்வரை எழுந்திருக்கமாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் இது ஒரு வீட்டுக் கதையன்று. 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்று அடைக்க முடியாதிருந்த, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களை அரசாங்கமே ஏற்றுத் தள்ளுபடி செய்ய முன்வந்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருக்கவேண்டும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம். வறியோரைக் கைதூக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்த முறைதான் இதுவும்.

“கடன் தர வந்தவங்களும் இப்படித்தான் சேர், எங்கள வரிசையில நிற்க வச்சுப் படம் எடுத்தவங்க” என்றார் அவ்வம்மையார். பின் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன். அவன் கேட்கல்ல. நம்மட இறாலை வாங்காத இடத்தில நான் ஏன் கொப்பி வாங்கணும் எண்டு கேட்டான்” என்றார்.

அத்தேநீரை நான் எவ்வாறு குடித்து முடித்தேன் என்பது நினைவில்லை. திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தினேன். மேசையின்மேல் வைக்கப்பட்ட ஒரு கொத்து அரிசியும், காபன் தாளைச் சரிசெய்த முதியவரின் விரல்களும் கண்முன் வந்து நின்றன. கொடுப்பவனே நன்றி செலுத்தக் கடமைப்பட்டவன், பெறுபவன் அன்று என்பது விவேகானந்தரின் கருத்து. அதனை நான் மாணவருக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் வினாவாகவும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் அதனை ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தார், அவ்வளவே. அச்சீட்டின் பயனாகவே என் தாயார், அத்தனை ஆண்டுகளும் மகனைத் தர்மத்துக்கு விட்டவராகத் தம்மை எண்ணாமல், இல்லத்தை நடத்துவோரில் தாமும் ஒருவர் என்று எண்ணியே வந்து போனார். எனக்கு வந்த கூச்சம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்நாட்டிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு, பிறரால் ஒதுக்கப்பட்டிருந்த கனதொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று, அவ்வூராரோடு கூடி மண்சுமந்து வேலை செய்தார். சர்வோதய இயக்கம் அங்கேதான் முளைத்தது. அவ்வியக்கம் தன் முறைக்குச் சிரமதானம் என்று பெயரிட்டது. உழைப்பைக் கொடை என்று எண்ணினால் கையிற் காசில்லாதவனும் கொடையாளிதான். ஆரியரத்னவும் என்னைப் போல் ஒரு பள்ளியாசிரியராயிருந்தவர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிறிது துணிவும் பெரிதும் நாணமும் உண்டாகின்றன.

மறு ஆண்டில், அதிபரின் இணக்கத்தோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒப்புதலோடும், விழாவைக் கைவிட்டோம். கொப்பிகள் இப்போது நூலகத்தின் பின்னறையில் இருக்கின்றன. வேண்டிய பிள்ளை சென்று கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளும். கூடவே ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும் அச்சிட்டோம். பெற்றார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி எழுதுவது என்பது முடிவு. கணக்குப் பார்க்கும் நண்பர் கடுமையாக எதிர்த்தார். “தேங்காயைக் கணக்கில் எழுதலாம், இறாலை எங்கே வைப்பது? மறுநாளே நாறுமே” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆகவே வருகிற பொருளை ஆசிரியர் அறையிலேயே ஏலமிட்டு, விழுந்த தொகையை நிதியில் சேர்க்கிறோம். சில வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆசிரியர் அறை களுவாஞ்சிக்குடிச் சந்தையைப் போல் இரைகிறது. எதிர்த்த நண்பரே இப்போது முருங்கைக்காய்க்கு விலையேற்றிக் கேட்பவர்.

படம் இனி வராது, கணக்கு மட்டுமே வரும் என்று வெளிநாட்டு அன்பர்களுக்கு எழுதினேன். இருவர் அதன்பின் எழுதவில்லை. மற்றவர்கள் முன்னிலும் ஒழுங்காக அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் அவர்களுடைய தொகைகளுக்குக் கீழே, அதே எழுத்தில், ‘தேங்காய் 6’, ‘அரிசி 2 கொத்து’, ‘பாய் 1’ என்றெல்லாம் வருகின்றன. இதனால் எத்தனை பிள்ளைகள் முன்னேறினர் என்று ஒருவர் கேட்டார். சொல்லத்தக்க கணக்கு எதுவும் என்னிடம் இல்லை. இவ்வாண்டில் கொப்பி இல்லாத காரணத்தால் எவரும் நிற்கவில்லை. அதை மட்டும் எழுதினேன்.

கொழும்புக்குப் போன மாணவன் திரும்பவில்லை. கடைக்கணக்குகளை இப்போது அவனே பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனுடைய தங்கை இவ்வாண்டு எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சென்ற மாதம் ஒரு காலையில் தாயார் அவளோடு வந்தார். கையில் அதே போன்ற பை. என்னிடம் நீட்டவில்லை, மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து, தராசில் நிறுத்து, புத்தகத்தை எடுத்து, ‘வாவி இறால், ஒரு கிலோகிராம், நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். கை சிறிது நடுங்கியதால் எழுத்து அழகாக அமையவில்லை.

அவர் அதை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பின்னர், அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பும்படி சொன்னார். அவள் சீட்டை என் மேசையில் விரித்து, மடிப்பை நீவிவிட்டு, வெளிச்சம் படும்படி சாளரத்தின் பக்கம் திருப்பிப் படமெடுத்தாள். மறுமொழி வந்ததா என்று நான் கேட்கவில்லை.